ஆடுகிற பிரிட்ஜ்

2 ஜூலை 1984, திங்கள்

காற்று. குற்றாலத்துக்குச் சாரல், நமக்குப் புழுதி. தையல் மெஷினைத் துணி போட்டு மூடியும் உள்ளே மண். யூனிபார்ம் பாக்கி: ஒன்பது நிக்கர், நாலு பாவாடை. வெள்ளைப் பட்டன் தீர்ந்தது.

மதியம் தங்கராசு அண்ணாச்சி (இனி த.அ.) ஆள் விட்டார். மைக் செட் கடை அவருடையது. ஆர்க்கெஸ்ட்ராவும் அவருடையது. அதில் பதினோரு வருஷமாக லீட் கிட்டார் நான். கடைக்குப் போனேன்.

"வே டெய்லர், ஆடி மாசம் அம்மன் கோயில் கொடைக்கு முன்னால குழுவுக்குப் புது கிட்டார் ஒண்ணு எடுக்கணும். ரெண்டு பார்வைக்கு வருது. ஒம்ம காதுதான் நமக்குக் காது. நீரு எதைச் சொல்லுதீரோ அதை எடுத்துருவோம்."

சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது. இப்போது வாசிக்கிற கல்கத்தா கிட்டாருக்குக் கழுத்து நீளம். மேலே கம்பி உட்காரும் பள்ளத்திலிருந்து கீழே கம்பியைத் தாங்குகிற பிரிட்ஜ் வரை டேப் வைத்தால் இருபத்தைந்தரை இஞ்ச். என் சுண்டுவிரல் இரண்டு இஞ்ச் ஒரு நூல். கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கோடுகளில் நாலாவதை எட்டுவதற்குள் உயிர் போகும். கொடை சீசன் முடிந்தால் ஒரு வாரம் இடது கையால் துணியைப் பிடித்து ஓட்ட முடியாது. குட்டைக் கிட்டார் வேண்டும் என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறேன். அதிலும் சுருதியை இறக்கி ஏற்ற ஆட்டுகிற கைப்பிடி உள்ளதாக.

வீட்டுக்காரி கோமதியிடம் சொன்னேன். "அப்ப இனிமே ராத்திரி தைலம் தேய்க்கச் சொல்ல மாட்டீங்க" என்றாள். அவள் கவலை அவளுக்கு.

4 ஜூலை, புதன்

முதல் கிட்டார் வந்துவிட்டது. மெட்ராஸிலிருந்து த.அ. லாரியில் வரவழைத்தது. சிவப்பு. பழையது, பாலீஷ் புதிது. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாமாம்.

நீளம் இருபத்திரண்டரை இஞ்ச். ரொம்பக் குட்டை. விரலுக்குச் சுகம், காதுக்கு இல்லை. அதே சுருதிக்கு வைத்தால் கம்பி தொளதொளவென்று கிடக்கிறது. நாடா தளர்ந்த பாவாடை.

பிரிட்ஜ் கட்டையோடு திருகாணி போட்டு இறுக்கியது. கம்பி அதன்மேல் வழுக்கித்தான் போக வேண்டும், வழுக்கித்தான் திரும்ப வேண்டும்.

கைப்பிடிக்கு அடியில் ஒற்றை ஸ்பிரிங். அழுத்தினால் கம்பி தளர்ந்து சுருதி இறங்குகிறது. சோகப் பாட்டில் த.அ. கேட்கிற "அழுகை" வருகிறது. ஆனால் விட்டால் பழைய இடத்துக்கு வருவதில்லை. கம்பி பிரிட்ஜில் சிக்கி, ஒரு மயிரிழை கீழேயே நின்றுவிடுகிறது. ஆறு தடவை அழுத்திப் பார்த்தேன். ஆறு தடவையும் ஆர்மோனியத்தோடு சேரவில்லை.

பார்க்க மட்டும் அழகு. த.அ.வின் மச்சினன் சந்திரன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக் கண்ணாடியில் கால்மணி நேரம் பார்த்தான். அவனுக்குக் கிட்டாரில் மூன்று கார்டு பிடிக்கத் தெரியும். அதில் ஒன்று தப்பு.

பட்டன் வாங்க மறந்தேன்.

8 ஜூலை, ஞாயிறு

இரண்டாவது கிட்டார். கொண்டு வந்தவர் கடையநல்லூர் சேகு. துபாயிலிருந்து வந்திருப்பவர், முப்பது வயதிருக்கும். புளியங்குடியில் பஸ் மாறி, பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கையைக் கைக்குட்டையில் துடைத்தார். எனக்கு அப்போதே ஆளைப் பிடித்துவிட்டது.

"துபாய்ல ரூம்ல கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரன் ஊருக்குப் போறப்ப குடுத்தான் டெய்லர் அண்ணே. எனக்கு ரெண்டு பாட்டுதான் தெரியும். வாப்பா வீட்டுல வைக்கக் கூடாதுங்காரு. நானும் மறுபடி விசா வந்து இந்த மாசக் கடைசில போறேன். வாசிக்கத் தெரிஞ்ச கையில குடுத்துட்டா நிம்மதி."

ஜப்பான் சாமான். பாலேட்டு நிறம். நீளம் சரியாக இருபத்துநாலு. குட்டைதான், ஆனால் கம்பி விறைப்பாக நிற்கிறது. என் சுண்டுவிரல் நாலாவது ஃப்ரெட்டில் தானாகப் போய் உட்கார்ந்தது. இழுக்கவில்லை, வலிக்கவில்லை. நாற்பது வயதில் கைக்கு அளவான சட்டை.

கைப்பிடிதான் அதிசயம். பிரிட்ஜை இறுக்கவில்லை. இரண்டு கால், இரண்டு சின்னக் குழிக்குள் சும்மா நிற்கிறது. தொட்டால் முன்னும் பின்னும் ஆடுகிறது. முதலில் லூசு என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரம் பார்த்த பிறகு புரிந்தது. கைப்பிடியை அழுத்தினால் கம்பியோடு சேர்ந்து பிரிட்ஜும் சாய்கிறது. விட்டால் கம்பியோடு சேர்ந்து நிமிர்கிறது. எதுவும் எதன்மேலும் உரசுவதில்லை, அதனால் சிக்குவதுமில்லை. அது ஆடுவதால்தான் சுருதி நிற்கிறது. இதை யோசித்தவன் பெரிய மனிதன்.

இருபது தடவை அழுத்தினேன். இருபதும் ஆர்மோனியத்தோடு ஒட்டி நின்றது. சேகு சுவரோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது உள்ளுக்குள்ள இம்புட்டு இருக்குன்னு எனக்குத் தெரியாதுண்ணே."

கிட்டாரை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். நாளை த.அ.வின் கடையில் முடிவு.

அதே நாள், சாயங்காலம்

த.அ.வைப் பார்த்து இதையே எடுப்போம் என்று சொல்லப் போனேன். வாயைத் திறக்கவில்லை, அவரே ஆரம்பித்தார்.

"எதை எடுத்தாலும் சரி வே. இந்த வருசம் லீடு சந்திரன் வாசிக்கட்டும். வாலிபப் பய, மேடையில நின்னா பாக்க நல்லாருக்கும். சனங்க இப்ப அதைத்தான கேக்குது? நீரு பின்னால பேஸ் பிடியும்."

பேஸ் கிட்டார் கழுத்து கல்கத்தாவைவிட எட்டு இஞ்ச் நீளம். அதைச் சொன்னேன். "சமாளிச்சுக்கிடுவீரு" என்று டீ சொன்னார்.

பதினோரு வருஷம். அவர் கல்யாண பேன்ட் நான் தைத்தது. அவர் பெண்டாட்டி ரவிக்கை நான் தைத்தது. இந்தச் சந்திரனின் முதல் ஃபுல் பேன்ட் நான் தைத்தது. டீயைக் குடித்தேன், வேறென்ன செய்ய. வீட்டுக்கு வந்து கோமதியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். ரசத்தில் உப்பு என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

9 ஜூலை, திங்கள்

எழுதிவிடுகிறேன். இங்கே எழுதாவிட்டால் வேறெங்கே.

கடையில் த.அ., சந்திரன், சேகு, நான். மேஜைமேல் இரண்டு கிட்டார். "சொல்லும் வே" என்றார் த.அ.

சேகுவின் கிட்டார் பிரிட்ஜை ஒரு விரலால் தொட்டு ஆட்டிக் காட்டினேன். "இது ஆடுது அண்ணாச்சி. கால் ரெண்டும் லூசு. இப்படி ஆடுனா சுருதி எப்படி நிக்கும்? சிவப்பையே எடுங்க. பிரிட்ஜ் சும்மா கிண்ணுனு இருக்கு."

த.அ.வும் தொட்டுப் பார்த்தார். ஆடியது. "ஆமாவே, பல்லு ஆடுத மாதிரில்லா ஆடுது." சந்திரன் பெரிய வித்வான் கணக்காகத் தலையை ஆட்டினான். "நான் அப்பமே நெனச்சேன் அத்தான்." அவன் நினைத்தானாம்.

அது என் கைக்கு அளவெடுத்த கிட்டார். அவன் கழுத்தில் தொங்கவிட்டு, பின்னால் நின்று நான் பார்க்க முடியாது. எனக்கில்லாவிட்டால் அவனுக்கும் இல்லை. இன்னொன்றும் மனதில் ஓடியது. விலை போகாமல் ஊருக்குத் திரும்பினால், ஆடித் தபசுத் திருவிழாவுக்குத் துணி தைத்த கூலி கைக்கு வந்ததும், அவர் துபாய் போவதற்குள் நானே போய்க் கேட்கலாம். அதற்குள் வேறு யார் கடையநல்லூரில் கிட்டார் கேட்கப்போகிறார்கள்.

சேகு முகம் வாடிவிட்டது. "ஒருநாளும் சுருதி இறங்கினதில்லையேண்ணே" என்றார். பிறகு அவரே, "எனக்கு என்ன தெரியும். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." பெட்டியை மூடும்போதும் கைக்குட்டையால் துடைத்தார். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போய் வழியனுப்பினேன். பாதி வழியில் சொல்லியிருக்கலாம். புளியங்குடி வண்டி உடனே வந்துவிட்டது.

12 ஜூலை, வியாழன்

மூன்று நாளாக யூனிபார்ம் பாக்கியைத் தைத்தேன்.

சேகுவுக்கு ஒரு தபால் கார்டு எழுத உட்கார்ந்தேன். "கிட்டாரை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், நானே..." என்று ஆரம்பித்துக் கிழித்தேன். அன்று லூசு என்றவன் இன்று எதற்குக் கேட்கிறான் என்று தோன்றாதா? கொஞ்சநாள் போகட்டும்.

ஒத்திகை. பேஸ் பிடித்தேன். சுண்டுவிரல் வீங்கியிருக்கிறது. சந்திரன் சிவப்பின் கைப்பிடியை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் சுருதி கீழே கீழே. யாருக்கும் கேட்கவில்லை, எனக்கு மட்டும் கேட்டது.

19 ஜூலை, வியாழன்

நேற்று ராயகிரிப் பக்கம் ஒரு கொடை. ஆடியில் முதல் கச்சேரி. நல்ல கூட்டம்.

நாலாவது பாட்டு, சோகப் பாட்டு. சந்திரன் கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினான். சரணத்துக்குள் கிட்டார் ஓரிடம், ஆர்மோனியம் ஓரிடம். பாடுகிற விஜயா எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தவித்து, பாதியில் நிறுத்திவிட்டாள். முன்வரிசையில் விசில். "ஏ, கோழி கூவுதுடா" என்று ஒரு குரல். விஜயா மேடைக்குப் பின்னால் போய் அழுதாள்.

முதலில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். உள்ளதைச் சொல்கிறேன். அந்தப் பெண் அழுவதைப் பார்த்ததும் போய்விட்டது. அவள் என்ன பாவம் செய்தாள்.

வேனில் ஊர் திரும்பினோம். இறங்கும்போது த.அ. கேட்டார்: "நீரு சொல்லித்தான வே வாங்குனேன்?"

20 ஜூலை, வெள்ளி

இன்று கடையில் த.அ. மீதியையும் சொன்னார். ராத்திரியே சிவப்பைக் கழற்றி, தென்காசியிலிருந்து வந்த ஒரு கிட்டார்காரரிடம் காட்டியிருக்கிறார். அவர் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டாராம், இந்த மாடலில் கைப்பிடியைத் தொட்டாலே சுருதி போகும், காது உள்ளவன் எவனும் எடுக்க மாட்டான் என்று.

"ஒம்ம காது போயிட்டா வே? இல்ல தெரிஞ்சே சொன்னீரா?"

இரண்டில் எதைச் சொன்னாலும் கெட்டேன். "காது முன்ன மாதிரி இல்ல அண்ணாச்சி" என்றேன். "சரி. தபசுக் கச்சேரிக்கு வர வேண்டாம். தையலைப் பாரும்" என்றார். குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை.

பதினோரு வருஷத்துக்கு என்னிடம் இருந்தது அந்தக் காது ஒன்றுதான். அதையும் நானே பொய்யாக்கிவிட்டு வந்தேன்.

கோமதியிடம் தையல் நெருக்கடி, இந்த வருஷம் கச்சேரி வேண்டாம் என்று சொன்னேன். நம்பவில்லை. கேட்கவும் இல்லை.

இனி ஒரே ஆறுதல் அந்தப் பாலேட்டு நிறக் கிட்டார். ஞாயிற்றுக்கிழமை கடையநல்லூர் போய்விடுவது. காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிக் கேட்பது. மேடை வேண்டாம், வீட்டில் வாசிப்பேன். இது முடிவு.

22 ஜூலை, ஞாயிறு

புறப்படச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் சேகு. கையில் பெட்டி. முகமெல்லாம் சிரிப்பு.

"நாளைக்கழிச்சு பம்பாய் போயி அங்கேருந்து ஃப்ளைட் டெய்லர் அண்ணே. போறதுக்கு முன்ன ஒங்ககிட்ட குடுத்துட்டுப் போவணும்னு வந்தேன். காசு கீசு பேசப்படாது. எத்தனை பேருட்ட காட்டியிருப்பேன்! எல்லாவனும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு வாய்க்குச் சொன்னானுவ. நீங்க ஒருத்தர்தான் உள்ள கோளாறை உள்ளபடி சொன்னீங்க."

கோமதி ஸ்டூல் எடுத்துப் போட்டாள்.

"அந்த ஆட்டத்தையும் சரி பண்ணியாச்சுண்ணே. எங்க ஊர்ல தறிச் சாமான் பத்த வைக்கிற ஆசாரி ஒருத்தரு. அசையக்கூடாத இடத்துல அசைஞ்சா தறியே போயிரும், இதுவும் அப்படித்தான்னாரு. கழத்தி எடுத்து நல்லாப் பித்தளை வச்சுப் பத்த வச்சிட்டாரு. ஒரு நாள் பூராக் கூடவே இருந்து பாத்து வாங்கியாந்தேன்."

பெட்டியைத் திறந்தார். பிரிட்ஜின் இரண்டு காலும் குழியோடு ஒட்டிக் கிடந்தன. சுற்றிலும் மஞ்சளாகப் பித்தளை உருகி வழிந்து, அரம் போட்டுத் தேய்த்திருந்தது. பின்னால் கம்பி மாட்டுகிற, கைப்பிடி திருப்புகிற உருளையும் அடித் தகட்டோடு ஒன்றாகப் பற்றிக் கிடந்தது. கைப்பிடியை அழுத்தினேன். இரும்பு. இன்னும் அழுத்தினேன். கட்டைதான் முனகியது. ஸ்பிரிங் சூட்டில் கறுத்து உயிர் போய்க் கிடந்தது. ஆசாரி வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. இதை இனி எந்தப் பட்டறையிலும் பிரிக்க முடியாது.

"வாசிங்கண்ணே. கேட்டுட்டுப் போறேன்."

மடியில் வைத்தேன். சுண்டுவிரல் நாலாவது ஃப்ரெட்டில் வலிக்காமல் போய் உட்கார்ந்தது. வாசித்தேன். அழுகை வர வேண்டிய இடத்தில் கை தானாகக் கைப்பிடிக்குப் போனது. அது அசையவில்லை. நான் பாட்டின் அடுத்த அடிக்குப் போனேன்.

சேகு கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் திறந்தார்.

"இப்பச் சுருதி நிக்குதா அண்ணே?"

"நிக்குது பாய்" என்றேன்.