அண்ணனிடம் டாக்டர் கேட்டது

பிந்து அப்பாவுக்கு,

உங்கள் அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். கஞ்சி மூடி வைத்திருக்கிறேன். காப்பி குடிப்பவர்களுக்கு அண்ணனுக்கு வந்த இந்தப் பார்க்கின்சன் நோய் குறைவாம். பால் விடாத கட்டன்காப்பி பிளாஸ்கில் இருக்கிறது.

கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், குடத்தில் பைப்புத் தண்ணீர் வைத்திருக்கிறேன். வாழைக்கு அடிக்கிற மருந்தை இனியும் கிணற்றடியில் வெறுங்கையால் கலக்காதீர்கள். சொன்னால் நேற்றுப்போலக் கத்துவீர்கள். கத்துங்கள்.

அண்ணனும் உங்களோடு நின்று கலக்கியவர்தான். இப்போது அவர் முகம் சிரிப்பதுமில்லை, சுளிப்பதுமில்லை. கண் மட்டும் நம் பின்னாலேயே வருகிறது. கை நடுங்குவதற்கு முன்பே மணம் தெரியாமல் போனதா என்று போன தடவை டாக்டர் கேட்டார். "அது போயி கொறே வருஷம் ஆச்சே" என்றார் அண்ணன்.

நேற்று கெட்டுப்போன மீன்குழம்பை நீங்கள் வழித்துச் சாப்பிட்டீர்கள். "நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியல்லியே" என்றீர்கள்.

பின்குறிப்பு: கண்ணாடி இல்லாமல் இதை மூக்கோடு ஒட்டித்தான் வாசிப்பீர்கள். எழுதுவதற்கு முன் இந்தத் தாள் நேற்றிலிருந்து கருவாட்டு டப்பாவுக்குள் கிடந்தது. மணம் தெரிந்திருந்தால் முதல் வரியிலேயே தூர எறிந்து கத்தியிருப்பீர்கள். இதுவரை வாசித்துவிட்டீர்களென்றால், வித்துரா ஸ்டாண்டில் அடுத்த பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

டாக்டரிடம் இரண்டு பேர் என்றே சொல்லி வைக்கிறேன்.