உன்னைச் சாமி என்றார்கள், பேய் என்றார்கள்

என்னைச் சண்டைக்காரி என்றே செல்லமாகக் கூப்பிட்ட என் அக்காவுக்கு,

இன்றைக்கும் சண்டைதான். உன்னோடு கொஞ்சம், மற்றவர்களோடு நிறைய. காலரா வந்து ஒரே பகலில் நீ போய்விட்டாய். உன் மகள் செங்கமலத்தை என் மடியில் போட்டு, உன் வீட்டுக்காரரான மாமாவையே எனக்கும் கட்டிவைத்தார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகட்டும், அது பழைய சண்டை.

இது புதுசு. செங்கமலத்துக்குப் பதினைந்து வயது முடிந்துவிட்டது. மாசியிலிருந்து அவள் சரியாகத் தூங்குவதில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அங்கே இல்லாத யாருக்கோ பதில் சொல்கிறாள். சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுகிறாள். ஒருநாள் கிணற்றோரம் போய் நின்று உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள். கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

இதற்கு நம் மாமியார் என்ன சொன்னார் தெரியுமா? "பெத்தவ ஆவிதான் புடிச்சிக்கினு இருக்குது. எளையவ வந்து குந்தினது அவளுக்குப் பொறுக்கல." கடைசி வடையைக்கூட எனக்கென்று ஒளித்துவைத்த நீ, பெற்ற பெண்ணின் கழுத்தைப் பிடிப்பாயாம். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

பூசாரியைக் கூட்டிவந்தார்கள். நான் தடுத்தேன், என்னைச் சமையல்கட்டில் வைத்துத் தாழ் போட்டார்கள். "நீ யாரு? பேரச் சொல்லு" என்று கேட்டுக் கேட்டுச் செங்கமலத்தைப் பிரம்பால் அடித்தான். ஒரு வாரமாக வீட்டில் எல்லோரும் உன் பேரைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பேரைச் சொன்னால் அடி நிற்கும் என்று அவளுக்குத் தெரியாதா? சொன்னாள். அடி நின்றது. அதோடு தீர்ப்பும் ஆகிவிட்டது. அமாவாசையன்று மலையடிவாரக் கோயிலில் கொண்டுபோய்க் கட்டிப்போட வேண்டும், சாமி உத்தரவு வரும்வரை அவிழ்க்கக் கூடாது என்றான்.

மாமா மறுநாள் தான் வேலை செய்யும் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து ஒரு வார் கொண்டுவந்தார். மேஸ்திரி அல்லவா, நல்ல தோலாகப் பார்த்து, எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவர் கையாலேயே பதமாக்கியிருந்தார். "சங்கிலி புள்ள காலை அறுத்துடும். இத பாரு, எவ்ளோ மெத்துனு இருக்குது" என்று என்னிடம் நீட்டினார். கண் கலங்கியிருந்தது. அடிக்கிறவனைத் திட்டலாம் அக்கா. இந்த மனுஷனை எந்த வார்த்தையால் திட்டுவது?

ஆனால் நான் விடவில்லை. சுமங்கலியாகப் போனவள் வீட்டைக் காப்பாள் என்று, ஆடி தோறும் உன்னைப் பூவாடைக்காரியாக வைத்துக் கும்பிடுகிறார்களே, அந்தப் படையல் அமாவாசைக்கு முந்திய வெள்ளிக்கிழமை வந்தது. புதுப் புடவை, பூ, மஞ்சள், பொங்கல், கூடவே உறவெல்லாம். இளையவள் கையால்தான் கற்பூரம் ஏற்ற வேண்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இன்னாடி, ஏத்து" என்றார் மாமியார்.

"யாருக்கு ஏத்தணும்? அக்கா பேய்னா இந்தப் படையல எடுத்துடுங்க. சாமின்னா, சாமி பெத்த பொண்ணக் கட்டிப்போட நீங்க யாரு? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, ஏத்தறேன்."

கடைசியில் மாமாதான், "உடும்மா. பொண்ணு வூட்லயே இருக்கட்டும்" என்று தன் அம்மாவிடம் சொன்னார். கற்பூரம் ஏற்றினேன். உன் புடவையை எடுத்துச் செங்கமலத்தின் தோளில் போட்டேன். அமாவாசை வந்தது, போனது. வார் மட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது.

பிறகு ரயிலேறி வேலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். தூங்குவதற்கு மருந்து கொடுத்தார். "போகும், திரும்பவும் வரும். வர்றப்ப அடிக்காதீங்க, தனியா விடாதீங்க" என்றார். முழுசாகக் குணமாகுமா என்று கேட்டேன். பொய் சொல்ல மாட்டேன், தெரியாது என்றார். அந்தத் தெரியாது என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் திரும்பினேன். ஆகாது என்று அவர் சொல்லவில்லையே?

போன வாரம் மறுபடியும் வந்தது. இரண்டு நாள் சோறில்லை, பேச்சில்லை. மூன்றாம் நாள் காலையில் அவளே ஆணியிலிருந்து வாரை எடுத்துவந்து, இரண்டு கையையும் சேர்த்து என் முன்னால் நீட்டினாள். "கட்டிடு சித்தி. நான் இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியல."

அக்கா, நீ ஏன் போனாய்? அந்தக் கைகளை நீயல்லவா பிடித்திருக்க வேண்டும்?

அரிவாள்மனையை இழுத்துப்போட்டு வாரை அறுத்தேன். நல்ல தோல், லேசில் அறுபடவில்லை. திட்டிக்கொண்டே அறுத்தேன். பூசாரியை, மாமியாரை, மாமாவை, உன்னை. செங்கமலம் பக்கத்தில் குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் வாரின் மறுமுனையைப் பிடித்து, எனக்குத் தோதாக இழுத்துக் கொடுத்தாள். முடித்ததும், "பசிக்குது" என்றாள்.

பழைய சோறுதான் இருந்தது. தின்றாள். அதற்காக நேராகிவிட்டாள் என்று உன்னிடம் சொல்லமாட்டேன். இன்றைக்கு மறுபடியும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் அவள் முதுகோடு முதுகு சாய்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். மாமா இன்று ஷாப்புக்குப் போகாமல் அவள் முன்னால் தட்டோடு காத்திருக்கிறார்.

அவளைக் கட்டமாட்டேன், யாரையும் கட்டவும் விடமாட்டேன். அடுத்த ஆடிக்கு உன் கற்பூரத்தை அவளே ஏற்றுவாள். அந்த ஆடியில் முடியாவிட்டால் அதற்கடுத்த ஆடியில். அதுவரைக்கும் நான் இந்தச் சண்டையை விடப்போவதில்லை.

உன் மகளை உன்னோடு சேர்ந்து பெற்ற,
உன் தங்கை