சொட்டின் எடை

செவ்வாய்க் கோள், நாள் 212 — 07:40
சுற்றுப்பாதை மருத்துவ நிலையம். பதிவு செய்வது டாக்டர் தெரசா ராயப்பன். நிலையத்தில் நான் ஒருத்திதான். ஆக்சிஜன் சரி, மின்சாரம் சரி. கீழே புழுதிப்புயல் ஆறாம் நாளாக ஓயவில்லை. தளத்தில் இருவர்: அங்கயற்கண்ணி, 27 வாரக் கர்ப்பிணி, அவள் கணவர் ஆதிமூலம், பயிர் ஆய்வாளர். மற்ற ஒன்பது பேரும் தென்முனையில் சிக்கியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தளத்துக்கு மேலே வருவேன். அப்போது பத்து நிமிடம் பேசலாம்.

09:35
ஆதிமூலம்: "டாக்டர், காலையிலேருந்து இவளுக்கு வலி விட்டு விட்டு வருது. இப்ப தண்ணிக்குடமும் உடைஞ்சிடுச்சு."

இது பிரசவ வலிதான். தடுக்க முடியாது. இத்தனை சீக்கிரம் பிறக்கும் குழந்தையின் மூளையில் ரத்தக்குழாய்கள் நூலைவிட மெல்லியவை, எளிதில் கசியும். பிறப்பதற்கு முன்பே தாயின் நரம்பு வழியாக மக்னீசியம் சல்பேட் கொடுத்தால் அந்த மூளைக்கு ஓரளவு காப்பு. நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசியும் போடச் சொன்னேன்.

மக்னீசியம் முதலில் நாலு கிராம், சிரிஞ்சில், இருபது நிமிடம் மெதுவாக. பிறகு மணிக்கு ஒரு கிராம். மருந்து செலுத்தும் பம்ப்பில் புழுதி ஏறி ஓடவில்லை. சொட்டு எண்ணி விடச் சொல்லி, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்ற கணக்கும் கொடுத்தேன். அளவு மீறினால் தாயின் மூச்சு நிற்கும். அதற்கு முன்பே முழங்காலைத் தட்டினால் கால் உதைக்காது. அப்போது நிறுத்த வேண்டும்.

அங்கயற்கண்ணி: "டாக்டர், இது குழந்தைக்கு நல்லதுதானே?"

நல்லது என்றேன்.

11:36
வலி நெருங்குகிறது. முழங்கால் உதைக்கிறது, கொஞ்சம் மந்தமாக. மூச்சு நிமிடத்துக்குப் பதினாறு. தொடரச் சொன்னேன்.

12:20
தொடர்பு இல்லாத நேரம். எழுதாமல் இருக்க முடியவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன் ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் இதே மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, மூத்த மருத்துவரின் அனுமதிக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. ஆறு வயதில் அவனைப் பார்த்தேன். நடக்கவில்லை. அவன் அம்மா என்மேல் கோபப்படவே இல்லை. "நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். இன்று ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

12:48
பிழை. என் பிழை.

நான் கொடுத்தது பூமியின் சொட்டுக் கணக்கு. செவ்வாயில் ஈர்ப்பு குறைவு. குழாய் முனையில் சொட்டு அதிக நேரம் தொங்கி, பருத்து, பிறகுதான் விழும். ஒவ்வொரு சொட்டும் இரண்டரை மடங்கு பெரிது. மூன்று மணி நேரமாக அவளுக்கு இரண்டரை மடங்கு மருந்து போகிறது.

அடுத்த தொடர்பு 13:34. நாற்பத்தாறு நிமிடம். அழைத்துப் பார்த்தேன். கோள் நடுவில் இருக்கிறது. தெரிந்தும் அழைத்தேன்.

13:34
நிறுத்து என்றுதான் முதலில் கத்தினேன்.

ஆதிமூலம்: "குழந்தை பிறந்துடுச்சு டாக்டர். பொண்ணு. தொள்ளாயிரத்து நாப்பது கிராம். அழுதா. இன்குபேட்டர்ல வச்சுட்டேன். ஆனா இவ… மூச்சு எட்டுதான் இருக்கு. முட்டி அரை மணி நேரமா உதைக்கல."

ஏன் முன்பே நிறுத்தவில்லை என்று கேட்டேன்.

ஆதிமூலம்: "நிறுத்தப் போனேன். கையைப் பிடிச்சுக்கிட்டா. பொறக்குற வரைக்கும் விடுங்க, குழந்தை மூளைக்குப் போகட்டும்னா. பொறந்தப்புறம்தான் நிறுத்தினேன். நான் என்ன டாக்டர் செய்ய?"

சொட்டுக் கணக்கு என் தப்பு, உங்கள் தப்பு இல்லை என்று சொன்னேன். மாற்று மருந்து கால்சியம். தளத்தில் இருந்தது ஒரே குப்பி. மெதுவாகக் கொடுத்தார். மூச்சு பன்னிரண்டுக்கு ஏறியதும் தொடர்பு அறுந்தது.

15:33
ஆதிமூலம்: "திரும்ப இறங்கிடுச்சு. ஆறு. பலூனை அமுக்கி மூச்சு குடுத்துக்கிட்டிருக்கேன். கை மரத்துப் போச்சு. கையை எடுத்தா இவ போயிடுவா. குழந்தைகிட்ட போக முடியல டாக்டர். நீலம் பாயல, சிவப்பாத்தான் தெரியுது, இங்கேருந்து பார்க்கிறேன்."

கால்சியத்தின் பலன் நிலைக்கவில்லை. சிறுநீர் குறைவு, மக்னீசியம் உடம்பை விட்டு வெளியேறவில்லை. இன்னும் கால்சியம் வேண்டும். என்னிடம் ஆறு குப்பி இருக்கிறது. இறங்கு கலம் ஒன்றும் இருக்கிறது. அது இறங்கும், திரும்ப ஏறாது. புயலில் இறக்கக் கூடாது என்பது விதி. அடுத்த முறை மேலே வரும்போது இறங்குகிறேன் என்று சொல்லத் தொடங்கினேன். பாதியில் இரைச்சல். அவருக்குக் கேட்டதா தெரியவில்லை.

16:50
இதைப் படிப்பவருக்கு: நிலையம் நல்ல நிலையில் இருக்கிறது. தானியங்கிப் பதிவை இயக்கிவிட்டேன். கால்சியம் ஆறு குப்பியும் தலை ஸ்கேன் கருவியும் என்னோடு. அந்தக் குழந்தையின் மூளையில் கசிவு உண்டா இல்லையா, பார்த்தால்தான் தெரியும். உயிரோடு இறங்கும் வாய்ப்பு பத்துக்கு நாலு என்கிறது கணினி. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள். பெல்ட் மாட்டிக்கொண்டேன். சொட்டு எண்ணிக்கை பற்றி எல்லாத் தளங்களுக்கும் எழுதி அனுப்புங்கள், தயவுசெய்து, முதலில் அதை

17:31 — தானியங்கிப் பதிவு
இறங்கு கலம் பிரிந்தது: 17:12. கலத்தின் சமிக்ஞை இல்லை: 17:24 முதல்.
தளத்திலிருந்து வந்த செய்தி:
"டாக்டர், ஆதிமூலம். கண்ணி தானா மூச்சு விடுறா. பதினாலு. நல்லா ஒண்ணுக்குப் போயிருக்கா, கண்ணைத் திறந்து குழந்தையைக் கேட்டா. குழந்தை கையைக் காலை ஆட்டுது. போன தடவை நீங்க இறங்கறேன்னு என்னமோ சொன்ன மாதிரி இருந்தது. இறங்க வேண்டாம். இங்க காத்து ரொம்ப மோசமாயிடுச்சு. அங்கேயே இருங்க. கேக்குதா டாக்டர்?"
செய்தி பெறப்பட்டது. நிலையத்தில் ஆள் இல்லை.