கிழக்குச் சரிவின் புல்

ஆகஸ்ட் 3, 2024
திருப்பதி வன அலுவலகத்தில் என் மனு ஏற்கப்பட்டது. எட்டாம் வகுப்போடு பள்ளி நீங்கியவள், தானே முயன்று கற்ற தெலுங்கில் எழுதிய ஏழு பக்கங்கள்! ரேஞ்சர் ஹரிபிரசாத் நின்றபடியே படித்து, “சால பாக ராசாரம்மா” என்று என் எழுத்தைப் பாராட்டினார். மேய்ச்சலை அறவே தடுத்தால் எங்கள் ஊர் மலையில் புல் தழைக்கும், மான்கள் திரும்பும் என்பது என் வாதம். நான் வேலியிட்டுக் காத்த கிழக்குச் சரிவில் சென்ற ஆண்டு இடுப்பளவு புல் நின்றதே சான்று. தீபாவளி கழிந்ததும் மலை மூடப்படும்.

ஆகஸ்ட் 19
என் நாத்தனார் பச்சையம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டாள். ஊரில் மீந்திருக்கும் ஒரே மந்தை அவளுடையது, நாற்பது செம்மறிகள்.
“மலைய மூடிட்டா என் ஆடுங்க இன்னாத்த துன்னும் அண்ணி? உன் ஏழு பக்கத்தயா?”
அறிவியலை அவளுக்கு எவ்வாறு விளக்குவது?

அக்டோபர் 20
கிழக்குச் சரிவுக்குச் சென்றேன். மழை பெய்தும் பசுமை இல்லை. சென்ற ஆண்டின் ஊசிப்புல் அப்படியே செத்து, சாம்பல் நிறத்தில் சாய்ந்து, இளந்தளிரை அமுக்கிக் கிடக்கிறது. இடையிடையே களையாக உண்ணிச்செடி.
வேலிக்கு வெளியே ஒரு வட்டம் மட்டும் கரும்பச்சை. முன்பொரு மழைக்காலத்தில், வழக்கமாக இரவில் ஆடுகளை அடைக்கும் மாந்தோப்பில் நீர் தேங்கியதால் பச்சையம்மாள் பத்து இரவுகள் கிடை போட்ட இடம் அது. முழங்கால் உயரக் கொழுக்கட்டைப் புல். அதன் நடுவே மானின் புழுக்கைகள்.

அக்டோபர் 21
உறக்கம் இல்லை.

அக்டோபர் 24
இப்போது விளங்குகிறது. பகலில் மலையில் மேயும் ஆடுகள் இரவில் மாந்தோப்புகளில் கிடை அமர்கின்றன. மலையின் சத்து மாலைதோறும் அவற்றின் வயிற்றில் ஏறிக் கீழே இறங்கி, தோப்புக்கு எருவாகிவிடுகிறது. குற்றம் மேய்ச்சலில் இல்லை. இரவுக் கிடையின் இடத்தில். மலையிலேயே இடம் மாற்றி மாற்றிக் கிடை போட்டால் போதும்.
எனில், என் மனு பிழை.

அக்டோபர் 29
ரேஞ்சரின் எண்ணை இருமுறை எடுத்தேன், வைத்தேன். சொல்லிட வேண்டியதுதானே? நாக்கு ஏன் எழ மாட்டேங்குது? ஒருவேளை இன்னும் ஓராண்டு பார்த்தால் — இல்லை. அது சாக்கு.

நவம்பர் 4
மலையைச் சுற்றிப் பலகைகள் நட்டார்கள். ஒன்றில் என் பெயரும் இருக்கிறது.

டிசம்பர் 16
பச்சையம்மாள் நாற்பதையும் விற்றுவிட்டாள். வண்டி புறப்பட்ட பின்பே எனக்குத் தெரிந்தது.

டிசம்பர் 18
திருப்பதி சென்றேன். “முந்தைய மனு பிழையானது, அதனை அக்டோபரிலேயே அறிந்தும் நான் அறிவிக்கவில்லை” என்றும், மலையிலேயே கிடை போடுவோரை மேய்க்க விட வேண்டும் என்றும் எழுதிக் கையொப்பமிட்டேன். ரேஞ்சர் இம்முறை அமர்ந்துதான் படித்தார். பாராட்டவில்லை.

மார்ச் 21, 2025
உத்தரவு வந்தது. மலையிலேயே இரவுக் கிடை அமர்த்துவோர் மேய்க்கலாம்.
பச்சையம்மாள் இப்போது நகரிக்குப் பவர்லூம் வேலைக்குச் செல்கிறாள். பஸ் நிறுத்தத்தில் என் கடிதத்தையும் உத்தரவையும் தமிழில் சொல்லிக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள்.
“இத்த அப்பவே எழுதி இருக்கலாமே, அண்ணி.”
கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் வந்தது, சாப்பாட்டுப் பையை இடுக்கிக்கொண்டு ஏறினாள்.