கைதட்டலுக்கு ஆட்டிய தலை

பெரியவளின் அப்பாவுக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா?

போன வாரம் நான் வேலை பார்க்கும் இந்த முதியோர் விடுதியில் என்னை எல்லோர் முன்னும் பாராட்டினார்கள். சலவைக்கு வரும் கிழிந்த சட்டைகளை யாரும் சொல்லாமலே தைத்துக் கொடுக்கிறேனாம். "எக்ஸ்ட்ரா மைல் போகிறவர்" என்றார் மேனேஜர். சொன்ன வேலைக்கு மேல் ஒரு மைல் கூடுதலாக நடக்கிறவள் என்று அர்த்தம். எல்லோரும் கைதட்டினார்கள். அதே மூச்சில், "ஆள் குறைவு, அடுத்த மாதமும் இருப்பீர்கள்தானே?" என்றார். கூச்சத்தில் தலையாட்டிவிட்டேன்.

"அக்கா, இங்க அந்த 'எக்ஸ்ட்ரா மைல்' வார்த்தைய சொன்னாலே லீவு போச்சுன்னு அர்த்தம்" என்று சிரித்தாள் கூட இஸ்திரி போடுகிறவள். மேனேஜரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அடுத்த மாதம் ஊருக்கு வர நான் வாங்கியிருந்த விடுப்பை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது.

பெரியவளின் பிரசவத்துக்கு நான் வர முடியாது. அந்தக் கைதட்டலை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா என்று தெரியவில்லை. அவளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

பீரோவின் அடித்தட்டில் என் பழைய நூல்புடவைகள் இருக்கின்றன. வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, துண்டு துண்டாகக் கிழித்து வையுங்கள். குழந்தையை முதலில் அதில் ஏந்தட்டும்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

பெரியவளின் அம்மா