புது அடுப்பில் முதற்பால்

யூன் 19, 1976. சனிக்கிழமை.

இன்று பழைய விறகு அடுப்பைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டினார்கள். இதற்குப் பாதி விறகு போதுமாம். குசினியில் புகையே இல்லை.

முதலில் பால் காய்ச்சுவோம் என்று சட்டியை வைத்தேன். பொங்கி வழிந்தால்தானே நல்லது. அடுப்புப் பூட்ட வந்த வெள்ளைக்காரர் பக்கத்தில் தன் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பால் நுரைத்து விளிம்புக்கு வந்தது. வழியப்போகிற நேரம் பார்த்து மனிதர் பாய்ந்து வந்து சட்டியைத் தூக்கிவிட்டார். "நோ வொரீஸ், லவ்" என்றார். புது அடுப்பைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷம் அவருக்கு. நான் "தாங்க்யூ" சொல்லி, அந்தப் பாலிலேயே தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது.

இவர் வேலையால் வந்ததும் சொன்னேன். சிரித்தார். "பால் வழிஞ்சா அடுப்புத்தான் ஊத்தையாகும். நீர் சும்மா கண்டதையும் யோசியாதையும்" என்றார்.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. போன வருடம் ஒன்று கலைந்து போனது. இப்போது நாலாம் மாதம். அவ்வளவுதான்.

அடுப்பைக் குறை சொல்ல முடியாது. சோறு கெதியாக வெந்தது, இந்த ஊர் யூன் மாதக் குளிருக்குப் படுக்கையறை வரைக்கும் சூடு வருகிறது. நாளைக்கு மறக்காமல் பால் வாங்க வேண்டும். போத்தலில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

இவர் இன்னும் படுக்க வரவில்லை. குசினியில் விளக்கு எரிகிறது. அடுப்பில் பால் வழிந்து கருகும் மணம் வருகிறது.