கதீஜா அக்கா எடுத்த அடி

என் பிரியமுள்ள அக்கா,

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. முந்தாநாள் மாரியம்மன் பண்டிகை முடிந்தது. கும்மிப் பாட்டுக்கு அடி எடுத்துக்கொடுக்க நீங்கள் இல்லாத முதல் பண்டிகை. நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் சின்ன மருமகளாக வந்த அன்றே, "ஓரகத்தின்னு மொறைச்சிக்கிட்டு நிக்காத, தங்கச்சியா இரு" என்றவர் நீங்கள்தானே. வேறு யாரிடம் சொல்வேன்?

உங்கள் பாட்டுகளை வரவு செலவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். "எழுத்துக் கூட்டிக்கிட்டா கும்மி தட்டுவ?" என்று கேலி செய்வீர்கள். அந்தக் கேலிக்காகவே ஒரு வாரம் உருப்போட்டேன்.

தேசம் பிரிந்ததிலிருந்து மளிகைக்கடைக்காரர் பழைய ஆளாக இல்லை. சந்தையில் ஆள் சேர்த்துப் பேசுகிறார். நானும் செவ்வாய் வெள்ளி விளக்குத் தவறாதவள். அவர் பேச்சில் எனக்குச் சாமி தெரியவில்லை, பயம்தான் தெரிந்தது. பண்டிகைக்கு நாலு நாள் முன்னால் நம் வாசலுக்கே வந்துவிட்டார்.

"சாயபு வூட்டுப் பொம்பளைய இந்த வருசம் வட்டத்துல சேக்காதீங்க. சேத்தா கும்மி நடக்காது."

"வேப்பிலை வருசா வருசம் அவங்க வாசல் மரத்துலதானுங்க ஒடிக்கிறோம்."

"மரம் வேறீங்க, மனுசங்க வேற."

அவர் சொன்னது நம் கதீஜா அக்காவைத்தான். கதீஜா அக்கா மகனுக்கு அம்மை வார்த்து மேலெல்லாம் முத்துப் போட்டபோது, யாரும் படியேறாத வீட்டில் வேப்பிலையோடு போய் உட்கார்ந்தவர் நீங்கள். பிள்ளை பிழைத்த வருடம்தான் அவர்கள் நம் வட்டத்துக்கு வந்தார்கள். அவர்களுக்காகவே ஓர் அடி கட்டினீர்கள். நீங்களாக இருந்தால் அவருக்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

பண்டிகையன்று சாயங்காலம் கோயில் முன்னால் பெண்கள் கூடினோம். கடைக்காரர் நாலு பேரோடு புளியமரத்தடியில் நின்றார். கதீஜா அக்கா வேப்பிலைக் கட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். போய்க் கூப்பிட்டேன்.

"வேணாம் கண்ணு, உனக்குத்தான் பொல்லாப்பு."

"நீங்க வரலன்னா நானும் தட்டலீங்க."

வந்தார்கள். பாதிப் பேர் கை தயங்கியது. நான் பாடத் தொடங்கினேன். இரண்டு அடி போயிற்று. மூன்றாவதாக, கதீஜா அக்காவுக்காக நீங்கள் கட்டிய அடி வரவேண்டிய இடத்தில் நின்றுவிட்டேன். நோட்டில் இருக்கிறது, நாக்கில் இல்லை. புளியமரத்தடியில் யாரோ சிரித்தார்கள்.

அப்போது கதீஜா அக்கா எடுத்தார்கள்:

"முத்தெடுத்து வந்த ஆத்தா
மொதல்ல யாரைக் கேட்டா?
எந்த வூட்டுப் புள்ளையின்னு
எங்க நின்னு கேட்டா?"

யார் எடுத்தாலும் வட்டம் வாங்கிப் பாட வேண்டும், அடியை அந்தரத்தில் விடக்கூடாது என்பது நீங்கள் வைத்த சட்டம். ஆனால் ஒரு தட்டு சும்மா போனது. அடுத்த தட்டும். மூன்றாவதில் ஒரு கரகரத்த குரல் அடியை வாங்கியது. யாரென்று நினைக்கிறீர்கள்? கடைக்காரரின் அம்மா.

"அம்மா, நீ வெளிய வா" என்றார் அவர்.

அந்த அம்மா கையை நிறுத்தவில்லை. "அடிய அந்தரத்துல உட்டுட்டு வரச் சொல்றியா? உன் மூஞ்சில தழும்பா நிக்கிற முத்து ஆறினது எந்த வாசல் எலைலடா? மரம் மட்டும் வேணும், மரத்துக்குத் தண்ணி ஊத்தினவ வேணாமா?"

வட்டம் முழுக்க வாங்கிப் பாடியது, அக்கா. நானும் அழுதுகொண்டே தட்டினேன்.

அவர் திருந்திவிட்டார் என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். நேற்றுக் கடையில் என் முகத்தைப் பார்க்காமல்தான் புளியை மடித்துக் கொடுத்தார். அடுத்த வருடமும் வந்து நிற்பாரோ என்னவோ. நிற்கட்டும். சண்டைக்குப் போகமாட்டேன். முதல் அடியைக் கதீஜா அக்காவையே எடுக்கச் சொல்லிவிட்டு, முதல் ஆளாக நான் வாங்கிப் பாடுவேன். ஒரு தட்டுக்கூடச் சும்மா போகாது.

இப்படிக்கு,
ஓரகத்தியாக வந்து உங்களிடம் தங்கச்சியாகிப் போனவள்